ஆறுச்சாமி கொடுத்த பொடி

ஆகஸ்ட் 12, திங்கள்

நேற்று ராத்திரியும் இரண்டு மணிக்கு எழுந்துவிட்டேன். இடது கெண்டைக்காலில் கயிற்றைப் போட்டு முறுக்குவது போல ஒரு வலி. கட்டிலை விட்டு இறங்கிக் காலைத் தரையில் ஊன்றினால்தான் கொஞ்சம் விடுகிறது. திரும்பப் படுத்தால் திரும்ப வருகிறது. தெய்வானை எழுந்து நல்லெண்ணெயில் பூண்டைப் போட்டுக் காய்ச்சித் தேய்த்துவிட்டாள். பாவம், அவளுக்கும் தூக்கம் போகிறது.

முப்பத்தோரு வருடம் அரசு பஸ் ஓட்டியவன் நான். இடது கால்தான் கிளட்ச் மிதிக்கிற கால். கோபியிலிருந்து சத்தியமங்கலம், சத்தியிலிருந்து கோபி என்று அது மிதித்த மிதிக்கு அப்போது ஒரு நாளும் வலித்ததில்லை. ரிட்டயர் ஆகி மூன்று வருடம் சும்மா உட்கார்ந்திருந்த பிறகு வலிக்கிறது.

உப்புப் போட்ட வெந்நீர், டிவியில் விளம்பரம் வருகிற தைலம், முருங்கைக்கீரை சூப், எல்லாம் பார்த்தாயிற்று. திருப்பூரிலிருந்து மகள் மேகலா போனில், "டாக்டரப் பாருங்கப்பா" என்கிறாள். கால் வலிக்கு டாக்டரிடம் போனால் முதலில் ஸ்கேன் எடு என்பார்கள். பார்க்கலாம்.

இந்த டைரி அவள் கம்பெனியில் கொடுத்தது. டிப்போவில் தினமும் லாக் ஷீட் எழுதிப் பழகிய கை. எழுதாவிட்டால் நாள் முடிந்த மாதிரியே இல்லை.

மோட்டார் தண்ணீர் இழுக்கவில்லை. வாஷர் மாற்ற வேண்டும்.

ஆகஸ்ட் 15, வியாழன்

ஆறுச்சாமி வந்திருந்தான். என் கண்டக்டர். பத்தொன்பது வருடம் ஒரே வண்டியில் ஓடினோம். திருவிழாக் கூட்டத்தில் கண்ணாடியில் பின்னால் ஒன்றும் தெரியாது. அவன் இரண்டு விசில் அடித்தால் எடுப்பேன், ஒரு விசில் என்றால் நிறுத்துவேன். அத்தனை வருடத்தில் ஒருத்தர்கூடப் படியிலிருந்து விழுந்ததில்லை.

நான் நொண்டிக்கொண்டு போய்க் கதவைத் திறந்ததைப் பார்த்ததும் அவன் முகம் மாறிவிட்டது.

"என்னுங்ணா, இப்பிடி ஆயிட்டீங்க. என்றகிட்டச் சொல்லக்கூடாதுங்களா?"

தாளவாடி மலையில் ஒரு வைத்தியர் இருக்கிறாராம். மூட்டு, நரம்பு, கால் குடைச்சல் எல்லாவற்றுக்கும் மூலிகைப் பொடி. இவன் மாதம் ஒரு முறை போய் வாங்கிவந்து வேண்டியவர்களுக்குக் கொடுக்கிறான். ஒரு நாளைக்கு ஒரு பொட்டலம், காலையில் சாப்பிட்ட பிறகு வெதுவெதுப்பான தண்ணீரில். பத்துப் பொட்டலம் வைத்துவிட்டுப் போனான். காசு எடுத்தேன், கையைப் பிடித்துக்கொண்டான்.

ஆகஸ்ட் 17, சனி

விடிய விடியத் தூங்கினேன்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

பத்து நாளாக வலி என்பதே இல்லை. இன்று பாரியூர் கோயிலுக்கு நடந்தே போய் நடந்தே வந்தேன். தெய்வானைதான் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு வந்தாள். மோட்டாரைப் பிரித்து வாஷரை நானே மாற்றினேன்.

செப்டம்பர் 4, புதன்

டீக்கடையில் மாரப்பனைப் பார்த்தேன். எங்கள் டிப்போவில் டயர் பிரிவில் இருந்தவன். முழங்கால் இரண்டும் வீங்கி, பெஞ்சிலிருந்து எழ நான்கு முறை முயற்சி செய்தான். நான் என் காலைத் தரையில் ஓங்கி மிதித்துக் காட்டினேன். கடையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஏப்பா பொன்னுரங்கம், நெசமாவா?" என்றான் மாரப்பன்.

"பொய் சொல்லி எனக்கென்னப்பா ஆவப்போவுது?"

என் பையிலிருந்த மூன்று பொட்டலத்தை அவன் கையில் வைத்தேன். ஆறுச்சாமியிடம் சொல்லி இன்னும் வாங்கித் தருவதாகச் சொன்னேன். வேறு இரண்டு பேரும் கேட்டார்கள்.

செப்டம்பர் 21, சனி

இதுவரை ஒன்பது பேருக்குச் சொல்லியிருக்கிறேன். ஒன்பது பேருக்கும் கேட்டுவிட்டது. மாரப்பன் வாசலுக்கு வந்து நின்று கும்பிட்டான். அவனுக்கு ஒரு வேளை போதவில்லையாம், ஆறுச்சாமியைக் கேட்டு இரண்டு வேளையாக ஆக்கிக் கொடுத்திருக்கிறேன்.

ரிட்டயர் ஆன பிறகு என்னைத் தேடி யாரும் வந்ததில்லை. இப்போது காலையில் பேப்பர் படிக்க முடிவதில்லை. "டிரைவரண்ணன் இருக்கறாருங்களா?" என்று யாராவது வந்துவிடுகிறார்கள்.

பசி நன்றாக எடுக்கிறது. இன்று ஒன்பது இட்லி.

அக்டோபர் 6, ஞாயிறு

ஆறுச்சாமி ஒரு நோட்டீஸ் அடித்திருக்கிறான். காக்கிச் சட்டையில் என் பழைய போட்டோ. 'முப்பத்தோரு ஆண்டு பேருந்து ஓட்டியவர் கூறுகிறார்' என்று பெரிய எழுத்து. கீழே நான் சொன்னதாக நான்கு வரி. நான் அப்படிச் சொல்லவில்லை, ஆனால் சொல்லக்கூடியதுதான். தெய்வானை நோட்டீஸைப் படித்துவிட்டு மடித்து அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்துவிட்டாள்.

"ஏனுங்க, மூஞ்சி ஊதின மாதிரி இருக்குதுங்க" என்றாள்.

நன்றாகச் சாப்பிட்டுத் தூங்கினால் முகம் தெளியாமல் என்ன செய்யும்.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. மேகலாவும் மாப்பிள்ளையும் வந்தார்கள். அவர்கள் எடுத்து வந்த சட்டைக்குப் பட்டன் போட முடியவில்லை. போன வருடம் இதே அளவுதான்.

சாப்பிடும்போது மேகலா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் பின்கழுத்தைத் தொட்டு, "இதென்னப்பா இங்க மேடு மாதிரி சதை?" என்றாள். பொடியைக் கொண்டுவரச் சொன்னாள். முகர்ந்தாள். "இதுல என்ன போட்டிருக்குன்னு எழுதியே இல்லயே. நாளைக்கு என்னோட வாங்க, ரத்தம் மட்டும் டெஸ்ட் பண்ணிரலாம்."

"ஆறுச்சாமி குடுத்தது. அதுல என்ன எழுதியிருக்கோணும்?"

"அவரு என்ன டாக்டருங்களா?"

நல்ல நாள் என்றும் பாராமல் கத்திவிட்டேன். போனில் நாலு வீடியோ பார்த்துவிட்டு அப்பனுக்குப் பாடம் எடுக்க வந்துவிட்டாள் என்றேன். மாலை பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டார்கள். இரண்டு நாள் இருப்பதாகத்தான் வந்தார்கள். தெய்வானை பலகாரத்தைக் கட்டிக் கொடுத்துவிட்டு என்னிடம் பேசாமல் படுத்துவிட்டாள்.

நவம்பர் 13, புதன்

செருப்பு வார் உரசி வலது கட்டை விரலில் புண். பத்து நாளாயிற்று, ஆறவில்லை. மஞ்சள் வைக்கிறேன். முழங்கையில் அங்கங்கே கத்தரிக்காய் நிறத்தில் திட்டு, எங்கே இடித்துக்கொண்டேன் என்று தெரியவில்லை. தண்ணீர் தாகம் அதிகம். ஐப்பசி மாதத்தில் என்ன வெயில்.

கேஸ் சிலிண்டர் வந்தது.

நவம்பர் 22, வெள்ளி

ஆறுச்சாமி போன் எடுப்பதில்லை. நான்கு நாளாக ஆளைக் காணோம். காசிக்குப் போவதாக டீக்கடையில் சொல்லிவிட்டுப் போனானாம். என்னிடம் சொல்லவில்லை. அவசரமாகக் கிளம்பியிருப்பான்.

நவம்பர் 27, புதன்

பொடி இல்லாமல் எல்லாரும் என் வீட்டுக்கு வருகிறார்கள். மாரப்பனும் வந்தான். முகம் என்னைப் போலவே நன்றாகத் தெளிந்திருந்தது. இரண்டு நாளாகப் பொட்டலம் இல்லை, உடம்பெல்லாம் அடித்துப்போட்ட மாதிரி இருக்கிறது, வாய்க்குச் சோறு பிடிக்கவில்லை என்றான்.

என்னிடமும் அதிகமில்லை. இரண்டு கொடுத்தேன்.

"தீந்து போச்சுன்னா என்னப்பா செய்யறது?" என்று கேட்டான்.

"மூலிகைதானே. நாலு நாள் விட்டா ஒண்ணும் ஆயிராது. தெம்பா இரு."

டிசம்பர் 3, செவ்வாய்

நேற்றுக் காலை மாரப்பன் குளியலறையில் விழுந்துவிட்டான். அதற்கு முதல் நாள் முழுவதும் வாந்தி. அவன் பெண்டாட்டி செல்லம்மா எனக்குத்தான் முதலில் போன் செய்தாள். ஆம்புலன்ஸில் நானும் ஏறிக்கொண்டேன். ஈரோடு போகும் வரை அவன் கை ஐஸ் மாதிரி இருந்தது. கூப்பிட்டால் கண் திறக்கிறான், பேச்சில்லை.

பிரஷர் அடியோடு இறங்கியிருந்தது. உடனே குளுக்கோஸ் ஏற்றி ஊசி போட்டார்கள். இடுப்பு எலும்பும் உடைந்திருக்கிறது. சின்ன வயசு டாக்டரம்மா ஒருவர் வெளியே வந்து, "இவரு என்ன மருந்து சாப்பிட்டுட்டு இருந்தாரு?" என்று கேட்டார். செல்லம்மா முந்தானையில் முடிந்து வைத்திருந்த காலிப் பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தாள். 

டாக்டரம்மா பொட்டலத்தைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார்.

"ஐயா, நீங்களும் இதச் சாப்பிடறீங்களா?"

"எப்பிடித் தெரியுமுங்க?"

என் சட்டைக் கையை மேலே தள்ளி அந்தக் கத்தரிக்காய் நிறத் திட்டுகளைப் பார்த்தார். கழுத்தைப் பார்த்தார். கால் புண்ணைப் பார்த்தார். ஓர் ஓரமாக உட்கார வைத்து விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தார். முந்நூற்றுப் பன்னிரண்டு. எனக்குச் சர்க்கரையே கிடையாது என்றேன்.

"இந்தப் பொடியில ஸ்டீராய்டும் வலி மாத்திரையும் அரைச்சுக் கலந்திருக்கும்னு நினைக்கிறேன். லேபுக்கு அனுப்பித்தான் உறுதியாச் சொல்லணும். ஆனா உங்க ரெண்டு பேரையும் பார்த்தாலே ரிப்போர்ட் படிச்ச மாதிரி இருக்கு. உடம்புல தானா சுரக்கிற ஒண்ண, வெளியில இருந்து தினம் கொடுத்தா, உடம்பு சுரக்கிறத நிறுத்திரும். எலும்பும் வலுவிழந்துரும். அப்புறம் கொடுக்கிறதும் திடீர்னு நின்னா இப்படித்தான் விழுவாங்க. நீங்க எப்ப நிறுத்துனீங்க?"

நிறுத்தவில்லை என்று சொன்னேன். காலையில்கூடச் சாப்பிட்டேன் என்று சொன்னேன்.

"அவருக்குத் தீர்ந்துபோச்சு, உங்களுக்கு இருந்துச்சா?"

செல்லம்மா எதிரே நின்றுகொண்டிருந்தாள்.

டிசம்பர் 4, புதன்

அன்று பொடி கேட்டு மாரப்பன் வந்தபோது என் பீரோவில் பதினொரு பொட்டலம் இருந்தது. எழுதிவிட்டேன்.

டிசம்பர் 7, சனி

ரத்தப் பரிசோதனை எல்லாம் வந்துவிட்டது. டாக்டரம்மா சொன்னபடியே இருக்கிறது. பொடியைத் தூக்கி எறிந்துவிட்டு வீட்டில் உட்காரவும் முடியாதாம். அதே மருந்தை மாத்திரையாக, அளவோடு, வாரா வாரம் குறைத்துக் குறைத்து, மாதக் கணக்கில் சாப்பிட்டால்தான் உடம்பு பழையபடி தானே சுரக்கப் பழகும். சர்க்கரைக்குத் தனி மாத்திரை.

மேகலா லீவு போட்டுவிட்டு வந்திருக்கிறாள். தீபாவளிப் பேச்சைப் பற்றி ஒரு வார்த்தை எடுக்கவில்லை. எடுத்திருக்கலாம்.

டிசம்பர் 10, செவ்வாய்

ஆறுச்சாமி வீட்டுக்குப் போனேன். சொல்லாமல்தான் போனேன்.

அவன் பெண்டாட்டி பழனாத்தாள் வாசலில் ஒரு ஸ்டூலின் மேல் காலை நீட்டி உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். முழங்கால் வரை தோல் நிறத்தில் இறுக்கமான சாக்ஸ் போட்டிருந்தாள். எழப்போனவளை உட்காரச் சொல்லி, காலுக்கு என்ன என்று கேட்டேன்.

"நரம்பு சுருட்டிக்கிச்சுங்ணா. ராத்திரியானா குடைச்சல் தாங்காது. ஆறு மாசமா ஈரோட்டுல டாக்டருகிட்டப் பாத்துட்டு இருக்கறமுங்க. அவருதான் கூட்டிட்டுப் போனாரு. இந்தச் சாக்ஸப் போட்டுட்டு, காலத் தூக்கி வெச்சுப் படுக்கச் சொன்னாங்க. இப்பப் பரவாயில்லீங்க."

"நம்ம பொடியச் சாப்புடுலியாம்மா?"

"கேட்டனுங்ணா. அது உனக்கு வேண்டாம், தொடவே தொடாதேன்னுட்டாரு."

அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் தெரியாது. அவரைப் பருப்பை முறத்தில் தள்ளிக்கொண்டே சொன்னாள். நான் பேசியதைக் கேட்டுத்தானோ என்னவோ, உள்ளேயிருந்து ஆறுச்சாமியே வெளியே வந்தான். காசியும் இல்லை, ஒன்றும் இல்லை. பவானியில் இதே மாதிரிப் பொடி விற்ற ஒருவனைப் பிடித்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டு உள்ளேயே இருந்திருக்கிறான்.

வீட்டுக்குப் பின்னால் தென்னை மரத்தடிக்குக் கூட்டிப்போனான்.

"பொடில என்னப்பா கலந்தே?"

"மூலிகைதானுங்ணா."

என் ரிப்போர்ட்டை நீட்டினேன். வாங்கினான். டிக்கெட் கட்டைச் சரிபார்க்கிற மாதிரி மேலிருந்து கீழே பார்த்தான். கண்ணாடி இல்லாமல் அவனால் படிக்க முடியாது என்று எனக்குத் தெரியும்.

"வலி நின்னுச்சுங்களா, இல்லீங்களா?" என்றான்.

"மலையில வைத்தியர்னு சொன்னியே."

"அப்பிடி யாரும் இல்லீங்ணா. மாத்திரய வாங்கிச் சுக்கு, கடுக்காயோட அரைக்கறதுதான். நான் மட்டுமா செய்யறன்? எத்தனையோ பேரு செய்யறாங்க."

"மாரப்பன் சாகப் பொழைக்கக் கெடக்கறான்."

"அவரு ரெண்டு வேள சாப்புட்டா நான் என்னுங்ணா பண்றது?"

இரண்டு வேளை வாங்கிக் கொடுத்தது நான். அதை விட்டுவிட்டு வேறு ஒன்றைக் கேட்டேன்.

"ஊருல ஆயிரம் பேரு இருக்கறாங்க. என்னய எதுக்குப்பா புடிச்சே?"

 பொய் சொல்லுவான் என்று நினைத்தேன். சொல்லியிருக்கலாம்.

"நீங்க சாப்புட்டாத்தானுங்ணா நாலு பேரு நம்புவாங்க. கண்டக்டர யாரு நம்புவாங்க? சில்லறை தரலீன்னு சண்டை போட்டவங்கதான எல்லாரும். டிரைவருன்னா ஒரு மருவாத."

பத்தொன்பது வருடம் ஒரே டிபனைப் பிரித்துத் தின்றோம். என் அம்மா செத்தபோது பாடையில் முன்பக்கம் தோள் கொடுத்தவன். அடிக்க வேண்டும் என்றுதான் போனேன். கை எழவில்லை. பழனாத்தாள் காபி கொண்டுவந்து வைத்தாள். குடிக்காமல் வந்துவிட்டேன். ஏன் என்று அவள் கேட்டது பின்னால் காதில் விழுந்தது.

டிசம்பர் 19, வியாழன்

மாத்திரையைக் குறைத்ததும் பழைய வலி வந்துவிட்டது. ராத்திரி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தெய்வானை வந்து பக்கத்தில் நின்றாள். எண்ணெய் வேண்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். நின்றுகொண்டே இருந்தாள்.

டிசம்பர் 23, திங்கள்

டாக்டரம்மா இன்று காலை முழுசாகப் பார்த்தார். நிற்க வைத்து, வேட்டியைத் தூக்கி, டார்ச் அடித்து. கெண்டைக்காலின் பின்புறம் பச்சை நரம்பு புடலங்காய் மாதிரி சுருண்டிருப்பதைப் போனில் படம் பிடித்துக் காட்டினார். என் கால்தான், நானே பார்த்ததில்லை.

"பஸ் டிரைவருங்க, கடையில நிக்கிறவங்க, இவங்கள நான் தினமும் பார்க்கிறேன். ரத்தம் கால்ல தேங்குது, அதான் ராத்திரி குடையுது. உங்களுக்கு பி-டுவெல்வும் கம்மி, அதுவும் சேர்ந்துருக்கு. முதல்லயே வந்திருந்தா அஞ்சு நிமிஷ விஷயம்யா."

இறுக்கமான சாக்ஸ். கால்மாட்டில் இரண்டு தலையணை. படுக்கும் முன் சுவரில் கையை ஊன்றி, ஒரு காலைப் பின்னால் வைத்து, குதிகால் தரையை விட்டு எழாமல் முப்பது எண்ணும் வரை கெண்டையை இழுத்துவிட வேண்டும். ஒரே இடத்தில் உட்காராமல் நடக்க வேண்டும். கால் வீங்கினாலோ, ஒரு கால் மட்டும் சூடாகிச் சிவந்தாலோ உடனே வர வேண்டும். சரியாகாவிட்டால் நரம்புக்குச் சின்ன சிகிச்சை இருக்கிறது.

அந்தச் சாக்ஸும் பழனாத்தாள் போட்டிருந்ததும் ஒன்றுதான். ஆகஸ்ட் பதினைந்தாம் தேதி என் வீட்டுக்கு வந்தபோது இதெல்லாம் அவனுக்குத் தெரியும். அவள் காலுக்கு டாக்டர் சொன்னதை என்னிடம் சொல்ல ஒரு நிமிஷம் ஆகியிருக்கும்.

ஜனவரி 8, புதன்

நான் பொடி சாப்பிடச் சொன்ன ஆட்கள் மொத்தம் பதினான்கு பேர். வீடு வீடாகப் போகிறேன். தெய்வானையும் கூட வருகிறாள். நானே நிறுத்திவிடுங்கள் என்று சொல்லக்கூடாது, உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றுதான் சொல்ல வேண்டும் என்று டாக்டரம்மா எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்தச் சீட்டைப் படித்துக் காட்டுகிறேன்.

இன்று ஐந்து வீடு. இரண்டு பேர் கேட்டுக்கொண்டார்கள். ஒரு அம்மா, "அன்னிக்கு நீங்கதான கால ஒதச்சுக் காட்டுனீங்க?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். தறி ஓட்டுகிற ஒருவர் நான் சொல்வதெல்லாம் கேட்டுவிட்டு, தெய்வானை அந்தப் பக்கம் போனதும் மெதுவாக, "மிச்சம் ஏதாச்சும் வெச்சிருக்கீங்களாங்ணா?" என்றார்.

ஜனவரி 21, செவ்வாய்

மருந்து ஆய்வாளர் அலுவலகத்தில் புகார் கொடுத்தேன். மேகலா எழுதித் தருவதாகச் சொன்னாள், வேண்டாம் என்று நானே எழுதினேன். பொடியைச் சோதித்த லேப் ரிப்போர்ட்டின் நகலை வைத்தேன்.

அதிகாரி படித்துவிட்டு ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"பொடி தயாரிச்சது யாரு?"

"ஆறுச்சாமி."

"உங்களுக்குக் குடுத்தது?"

"ஆறுச்சாமிதானுங்க."

"ஆஸ்பத்திரியில இருந்தாரே மாரப்பன், அவருக்கு?"

மேகலா என்னைப் பார்த்தாள். "நான்" என்றேன். எழுதிக்கொண்டார். மற்ற பதிமூன்று பேரைப் பற்றியும் கேட்டார். ஒவ்வொரு பெயருக்கும் நான், நான் என்று சொல்ல வேண்டியிருந்தது. அந்த நோட்டீஸும் அவர் ஃபைலில் ஏற்கெனவே இருந்தது. போட்டோவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இது நீங்களா?" என்றார். அடையாளம் தெரியவில்லையாம்.

பிப்ரவரி 6, வியாழன்

ஆறுச்சாமியைப் பிடித்துவிட்டார்கள். பழனாத்தாள் போன் செய்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். "உங்க சோத்தத் தின்னவருதானுங்ணா" என்று மட்டும் சொல்லிவிட்டு அழுதாள். அவள் வைக்கும் வரை போனைக் காதிலேயே வைத்திருந்தேன்.

சர்க்கரை நூற்று அறுபது. கால் புண் ஆறிவிட்டது.

பிப்ரவரி 16, ஞாயிறு

மாரப்பனைப் பார்க்கப் போனேன். வீட்டுக்கு வந்து ஒரு மாதம் ஆகிறது. வாக்கரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தான். முகம் வற்றி, தாடை எலும்பு தெரிந்தது. செல்லம்மா நாற்காலி போடவில்லை. நானே இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

ஆறுச்சாமி உள்ளே போனதைச் சொன்னேன். நம்ம எல்லாரையும் ஏமாற்றிவிட்டான் என்றேன். பதினொரு பொட்டலத்தையும் சொன்னேன். 

"ஆறுச்சாமி என்னய ஏமாத்துல" என்றான் மாரப்பன். "பொடி விசயமா அவன நான் ஒரு தடவகூடப் பாத்ததில்ல. அவன் குடுத்திருந்தா வாங்கியிருக்க மாட்டன். நான் உன்ற மூஞ்சியப் பாத்துத்தான் வாயில போட்டன்."

அப்படிச் சொல்லும்போது அவனுக்குக் கோபம்கூட இல்லை. டயரில் காற்று எவ்வளவு இருக்கிறது என்று சொல்கிற மாதிரி சொன்னான்.

இத்தனை நாள் ஆறுச்சாமி எனக்குச் செய்ததையே நினைத்துக்கொண்டிருந்தேன். ராத்திரி விழிப்பு வந்தால் அவனோடு மனசுக்குள் சண்டை போடுவேன். அங்கே உட்கார்ந்திருந்தபோது அவன் ஞாபகமே வரவில்லை.

பிப்ரவரி 17, திங்கள்

மாரப்பன் வீட்டுக்குப் போனேன். கதவு சாத்தியிருந்தது.

பிப்ரவரி 19, புதன்

இன்றும் போனேன். உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது. கதவைத் தட்டியதும் சத்தம் நின்றது. செல்லம்மா பாதிக் கதவைத் திறந்து, "அவரு தூங்கறாருங்க" என்றாள்.

சரிம்மா, நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.